டவர் பாறைக் கதையின் மட்டமான முடிவு

வடக்கனந்தல் தேவிப்ரியா எழுதிய தொடர்கதையைப் பற்றிக் கேட்டால் படித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தொடக்கம் பிரமாதம், முடிவு மட்டம். கைபேசியில் கதை படிக்கிறவர்களின் வாய்க்குப் பூட்டு ஏது? 'இந்த முடிவுக்கா இத்தனை வாரம் காத்துக் கிடந்தேன்' என்று ஒரு மதுரைக்காரர் எழுதியிருந்தார். இன்னொருவர், ஆட்டைக் கொடுப்பதாகச் சொல்லி வாலைக் கொடுத்துவிட்டீர்களே என்றார். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. முடிவு மட்டம்தான், எழுதியவளுக்கே அது நன்றாகத் தெரியும். நல்ல முடிவு அவள் கைபேசியிலேயே பத்திரமாக இருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

தேவிப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுப்பாள். அதனால் சர்க்கரை நோயாளிகள் அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அப்பா கொளஞ்சியப்பன் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். மகள் பேருந்தில் போகவர எழுதிக்கொண்டிருப்பது கதை என்று யாரோ சொன்னபோது, "கதயா? நான் எதோ போன நோண்டிக்கினு கீறான்னு நெனச்சேன்" என்றார். அம்மா பச்சையம்மாளுக்குக் கண் கெட்டுப்போகுமே என்ற கவலைக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆக, வீட்டில் தொந்தரவும் கிடையாது, பாராட்டும் கிடையாது. எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வீடு அமையாது.

கதைக்கு விதை போட்டவள் எழில்மதி. கள்ளக்குறிச்சியில் லேப் டெக்னீசியன் படித்தபோது தேவிப்ரியாவுக்குப் பக்கத்து நாற்காலி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுடையது. அந்த ஊருக்குள் எங்கே நின்றாலும் கைபேசியில் ஒரு கோடுகூட விழாது. ஊருக்கு வெளியே பள்ளத்தை ஒட்டி ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். டவர் பாறை என்று பேர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஊரின் இளசுகள் மொத்தமும் அங்கேதான் நிற்கும், ஆளுக்கொரு திசையைப் பார்த்துப் பேசிக்கொண்டு. இதை எழில்மதி சொல்லக் கேட்டதும் தேவிப்ரியாவுக்குப் பொறி தட்டிவிட்டது.

அவள் கதை இப்படித் தொடங்கியது. கல்லூரித் தோழர்கள் சிலர் ஒரு மலைப் பெண்ணின் ஊருக்கு வந்திருக்கிறார்கள். சாயங்காலம் எல்லாரும் பாறை மேல் நிற்கிறார்கள். எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: 'உங்களில் ஒருவர் கீழே இறங்கமாட்டார்.' அனுப்பிய கைபேசியும் அந்தப் பாறை மேல்தான் இருக்கிறது.

முதல் அத்தியாயத்தை அவள் ஒரு கதைச் செயலியில் போட்டாள். பேருந்து கச்சிராயபாளையம் நிறுத்தத்திலிருந்து கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் ஆயிரம் பேர் படித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வாரா வாரம் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. அந்தச் செயலிக்காரர்கள் இளைஞர்களுக்கான மர்மக்கதைப் போட்டி ஒன்று வைத்திருந்தார்கள். வெல்லும் கதை புத்தகமாக வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தேவிப்ரியா மனசுக்குள் அட்டைப்படமே வரைந்துவிட்டாள்.

முடிவு அவளுக்கு ஒரு தொலைபேசிப் பேச்சில் கிடைத்தது. பாறை மேலிருந்து எழில்மதி பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, நாளைக்கு அப்பா கீழ போறாரு என்றாள்.

"கீழன்னா எங்கடி?" என்று தேவிப்ரியா கேட்டாள்.

"இதுகூட தெரியாதா? கீழன்னா கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி. நீங்கதான் கீழ."

"அப்ப கருமந்துற, சேலம்லாம்?"

"அது அந்தாண்ட."

தேவிப்ரியா பேருந்தில் இருக்கிறோம் என்பதையும் மறந்து கத்திவிட்டாள். அதுதான் முடிவு. செய்தி அனுப்பியவள் அந்த மலைப் பெண்ணேதான். கீழே இறங்கமாட்டாள் என்றால் சாகப்போகிறாள் என்று எல்லாரும் நடுங்குகிறார்கள், படிக்கிறவர்களும் நடுங்குகிறார்கள். அவள் சொன்னது அவள் ஊர்ப் பேச்சு. கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கமாட்டேன், அந்தாண்ட போகிறேன் என்பதுதான் அர்த்தம். வீட்டில் கட்டிவைக்கப் பார்க்கும் கல்யாணத்திலிருந்து தப்பித்து, எல்லாரும் கீழே தேடிக்கொண்டிருக்கும்போது அவள் மலையைத் தாண்டிப் போய்விடுகிறாள். தேவிப்ரியா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சிக்னல் போகவில்லை. எழில்மதி யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் ஒரு கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளை அவள் தாய்மாமன் இளவரசன், அம்மா ரங்கம்மாளின் கூடப்பிறந்த தம்பி. மனைவியை இழந்தவர், எழில்மதியைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, சிறு வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்தான். அவள் மாட்டேன் என்று சொன்னதை அவர் உட்பட யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே அவருடைய உரக்கடை. மலையிலிருந்து இறங்கும் எந்தப் பேருந்திலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எழில்மதிக்கு வேலை தயாராக இருந்தது. கல்லூரியில் மூத்தவளான கலையரசி பிடித்துக் கொடுத்த வேலை. அதற்குப் போவது எப்படி என்றுதான் அவள் இத்தனை நாளாகத் திகைத்துக்கொண்டிருந்தாள். கருமந்துறை வழியாகப் போகலாம் என்பது ஏனோ அதுவரை தோன்றவேயில்லை. அவள் கீழே மட்டுமே போய்ப் பழகியவள்.

"தேவி, அத நான் பண்ணப்போறேன்" என்றாள். "புதன்கெழம பொடவ எடுக்க எல்லாரும் கீழ போறாங்க. நான் தலைக்குத் தூரம்னு சொல்லிட்டா கூட்டினு போவ மாட்டாங்க. நீ அத எழுதாத. எங்கம்மாகிட்டகூட மூச்சு வுடாத. நான் மொதல்ல போய்க்கிறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அது இதுதான். போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. எழில்மதி கிளம்புவது புதன்கிழமை. நடுவில் இருக்கும் சில நாட்களுக்காக ஒரு புத்தகம் கையைவிட்டுப் போகிறது. தேவிப்ரியாவுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் தோழி மேல் வந்ததை நினைத்து வெட்கமும் வந்தது. சரி, எழுதவில்லை என்று வாக்குக் கொடுத்தாள். போட்டியை விட்டுவிடுவது, கதையைப் பாதியில் நிறுத்திவிடுவது, எழில்மதி போன பிறகு நிதானமாக முடிப்பது. நியாயமான யோசனை. அப்படியே நடந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ரத்தக் குப்பிகளை இயந்திரத்தில் சுழல விட்டுவிட்டுக் கைபேசியைத் திறந்தாள். போன வார அத்தியாயத்தின் கீழே புதிதாக ஒரு கருத்து இருந்தது. எழுதியவர் பேர் 'மலைக்காற்று', படத்தில் ஒரு பைக். 'அக்கா எங்க ஊர்ல கீழன்னா கச்சிராயபாளையம். அந்தப் பொண்ணு அந்தாண்ட பூட்டா இன்னா பண்ணுவீங்க?' என்று கேட்டு, சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்.

தேவிப்ரியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மலையில் யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். சிக்னலே இல்லாத ஊரில் யார் தொடர்கதை படிக்கப்போகிறார்கள்? ஆனால் டவர் பாறையில் நிற்கிற இளசுகள், தங்கள் பாறையைப் பற்றிய கதையைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பார்கள்? சாயங்காலத்துக்குள் அந்தக் கருத்துக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆமாம், சரியான பாயின்ட் என்றார்கள். கருமந்துறைக்கு எந்த வண்டி போகிறது என்று ஒருவர் கேட்க, மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வண்டி போகும் என்று இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார். எழில்மதி பேசி வைத்திருந்ததும் அந்த வண்டியில்தான்.

அன்று ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது தேவிப்ரியாவுக்கு ஊசி தவறியது. இரண்டாம் முறையும் தவறியது. பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கேட்டார்.

இனிமேல் சும்மா இருக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. கதையை நிறுத்தினால் இந்த ஊகம்தான் ஊரெல்லாம் பேச்சாகும். பேச்சு பாறையிலிருந்து ஊருக்குள் போகும், ஊரிலிருந்து உரக்கடைக்குப் போகும். புதன்கிழமை அன்று எழில்மதிக்குத் துணையாக ஒரு சித்தியை உட்காரவைத்துவிட்டுப் போனால் போதும், தீர்ந்தது. ஊகத்தைக் கொல்ல ஒரே வழிதான் உண்டு. முடிவை எழுதிவிட வேண்டும். அதில் அந்தாண்ட என்ற பேச்சே வரக் கூடாது, கீழே என்றால் கீழேதான் என்று ஆகிவிட வேண்டும்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்கு முழுசாகக் கற்றுக்கொண்டாள். பாறையில் ஒரு பழைய ஆவி இருந்தது. கைபேசிகளில் செய்தி அனுப்பியது அந்த ஆவிதான். ஆவிக்குக் கைபேசி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கக் கூடாது. மலைப் பெண் பாறையிலிருந்து கால் தவறிப் பள்ளத்தில் விழுந்து செத்தாள். தோழர்கள் அழுதார்கள், மழை பெய்தது, முற்றும். ஒவ்வொரு வரியும் மட்டம் என்று தெரிந்தே எழுதினாள். கடைசியில் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், யாருக்கும் காட்டாமல் கைபேசியில் எழுதிவைத்திருந்த நல்ல முடிவை ஒரு முறை திறந்து படித்தாள். அது அவ்வளவு நன்றாக இருந்தது அவளுக்குத் தாங்கவில்லை. மூடிவிட்டு மட்டமானதை அனுப்பினாள்.

ஞாயிறு முழுக்கத் திட்டு வாங்கினாள். புத்தகக் கனவு அன்றோடு போயிற்று. அந்த மதுரைக்காரர் வந்ததும் அப்போதுதான். ஆனால் அவள் தேடியது ஒரே ஒரு கருத்தை. சாயங்காலம் அது வந்தது. 'ப்ச். நான்கூட அந்தாண்ட போயிடும்னு நெனச்சேன். விழுந்துடுச்சா' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார் மலைக்காற்று. தன் எழுத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கிடைத்ததற்குச் சாமி கும்பிட்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

புதன்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கைபேசி அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. சாயங்காலம் கலையரசியின் எண்ணிலிருந்து எழில்மதி பேசினாள். சேலம் வந்துவிட்டாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். தேவிப்ரியா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை இளவரசன் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். கூடவே எழில்மதியின் தம்பி ஆகாஷ், பாலிடெக்னிக் படிக்கிறவன். இளவரசனின் வேட்டியெல்லாம் செம்மண், முழங்கையில் சிராய்ப்பு. கத்துவார், மிரட்டுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

எழில்மதியை நேற்றிலிருந்து காணவில்லை என்றார். போன் பேசிவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பாறைப் பக்கம் போனவள்தான். தேவிப்ரியா மனப்பாடம் செய்துவைத்திருந்த பொய்யை, என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே என்பதை, எடுப்பதற்குள் ஆகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவன்தான் மலைக்காற்று.

"அக்கா, நீங்க எழுதுனத அது தெனம் படிக்கும். கடைசியில அந்தப் பொண்ணு வுழுந்துடுச்சில்ல. அதப் படிச்சிட்டுத்தான் எங்கக்காவும்..."

அவர்கள் அவளைப் பேருந்துகளில் தேடவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து பாறைக்குக் கீழே பள்ளத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். இளவரசன் கயிறு கட்டி இறங்கியிருக்கிறார், அந்தச் சிராய்ப்பு அதுதான். எத்தனையோ ஆயிரம் பேர் நம்பாத முடிவை ஒரு குடும்பம் நம்பிவிட்டது.

"எங்கக்கா ரங்கம்மா பாறைய வுட்டு எழுந்திருக்க மாட்டேங்குதும்மா" என்றார் இளவரசன். "பச்ச தண்ணி குடிக்கல. நீ அவ சிநேகிதி. நீ வந்து சொன்னா ஒரு வாய் குடிக்கும்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. தேவிப்ரியா லேப் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் காரில் ஏறினாள். கோமுகி அணையைத் தாண்டிக் கார் மலை ஏறியது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று தேவிப்ரியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தக் கார் இப்படியே கருமந்துறை வழியாகச் சேலம் போகும். எழில்மதியைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வருவார்கள், தை பிறந்ததும் தாலி கட்டுவார்கள். சொல்லாவிட்டால்? அதற்கு அவளிடம் கணக்கு இல்லை. இளவரசன் ஒரு திருப்பத்தில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரங்கம்மாள் பாறையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. மடியில் கூறைப்புடவைப் பை, இன்னும் கடைப் பேர் போட்ட உறைகூடப் பிரிக்காமல். சுற்றிலும் ஊர்ப் பெண்கள். பள்ளத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தும் அவள் பாடி அழுதுகொண்டிருந்தாள்.

"மஞ்சப் பொடவ எடுத்தாந்தேன் எங்கண்ணே,
மடியில வெச்சிக் காத்திருந்தேன்..."

சாவு வீட்டில் பெண்கள் கழுத்தோடு கழுத்தாகக் கட்டிக்கொண்டு அழுவதுதான் வழக்கம். தேவிப்ரியா அவளருகில் மண்டி போட்டதும் ரங்கம்மாள் அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். என் பொண்ணு மாதிரி இருக்கிறாயே என்று பாட்டிலேயே சொல்லி அழுதாள். அந்த உடம்பு காய்ச்சல் கண்டதுபோலக் கொதித்தது. தேவிப்ரியாவின் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. சில அடி தள்ளி இளவரசன் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பொம்பளையின் கூடப்பிறந்த தம்பி. சொன்னால் அடுத்த நொடி, அடே தம்பி, பொண்ணு உயிரோட இருக்குதாம்டா என்று அவள் கத்தினால் எல்லாம் போயிற்று. வாக்குக் கொடுத்திருக்கிறாள் வேறு, அம்மாவிடம்கூட மூச்சு விடமாட்டேன் என்று.

அந்த வாக்கை அவளால் காப்பாற்ற முடியவில்லை. பெற்றவளை இப்படிப் பார்த்துவிட்டுக் காப்பாற்ற முடிகிறவர்கள் காப்பாற்றிக்கொள்ளட்டும்.

"அம்மா, அவ சாவல" என்று காதுக்குள் சொன்னாள். "சேலத்துல கீறா. வேலைக்குப் போயிட்டா. மாமாவுக்குத் தெரிஞ்சா கூட்டியாந்துடுவாரு."

ரங்கம்மாளின் பாட்டு நடுவரியில் அறுந்தது. அவள் உடம்பு முழுக்க விறைத்ததைத் தேவிப்ரியா தன் கைகளில் உணர்ந்தாள். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இளவரசன் ஓர் அடி எடுத்து வைத்து, "இன்னாக்கா?" என்றார்.

ரங்கம்மாள் தம்பியைப் பார்த்தாள். சிராய்த்த முழங்கையையும் வேட்டிச் செம்மண்ணையும் பார்த்தாள். அவரைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி பாடக் கூடாது, அது பெரிய அபசகுனம் என்பது அந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, தேவிப்ரியாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாறை அதிரும்படி குரலெடுத்தாள்.

"பள்ளம் பாத்துப் போனியா எங்கண்ணே,
பாவி மொகம் மறந்தியா..."

அப்படியொரு ஒப்பாரியை அந்த ஊர் கேட்டதில்லை. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து வெடித்து அழுதார்கள். இளவரசன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிப் பள்ளத்தின் பக்கம் நடந்தார். தேவிப்ரியா நம்பும்படி எழுத முடியாத முடிவை ரங்கம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாரையும் நம்பவைத்துவிட்டாள். தேவிப்ரியாவும் அழுதாள், நிஜமாகவே அழுதாள்.

பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்குகிற இடைவெளியில் ரங்கம்மாளின் உதடு அவள் காதில் உரசியது. "அதுக்கு சோறாக்கத் தெரியாதே, இன்னாத்தத் துன்னும்?" என்று கேட்டாள்.

"ஆஸ்டல்ல போடுறாங்கம்மா" என்றாள் தேவிப்ரியா.

ரங்கம்மாள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரியைப் பாட ஆரம்பித்தாள்.